எல்லைக் கதியாலும் ஐந்தில் ஒரு பங்கும்: பாவ அறிக்கை, மன்னிப்பு, சிட்சை குறித்து வன்னியிலிருந்து ஒரு முழுமையான வழிகாட்டி

2010ஆம் ஆண்டு மெனிக் பாம் இடம்பெயர்ந்தோர் முகாமிலிருந்து காணிக்குத் திரும்பியபோது எங்கள் வளவில் வீடும் இல்லை, வேலியும் இல்லை. பக்கத்து வளவுக் குடும்பம் தமிழ்நாட்டில் அகதி முகாமில் இருப்பதாகச் சொன்னார்கள். எல்லையோரத் தென்னைகள் ஷெல் பட்டுத் தலையில்லாமல் நின்றன. ஒன்று மட்டும் காய்த்துக்கொண்டிருந்தது. அது எங்களுடைய மரம் அல்ல என்பது எனக்கு நன்றாகத் தெரியும். ஆனாலும் கிளுவைக் கதியால் (வேலிக்கு நடும் உயிர்க்கொம்பு) நட்டு வேலி போட்டபோது, அந்தத் தென்னை என் பக்கம் வரும்படி கயிற்றைச் சற்றே தள்ளிப் பிடித்தேன்.

அந்த நாட்களில் ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் வேதபாடம் வாசிக்கிறவன் நான்தான். பிள்ளைகளுக்கு ஓய்வுநாள் பாடசாலை நடத்துகிறவனும் நான்தான்.

2013இல் பக்கத்து வளவுப் பெண் இரண்டு பிள்ளைகளோடு திரும்பி வந்தார். கணவர் இல்லை. வேலியை ஒரு முறை நீளப் பார்த்துவிட்டு, "முந்தி வேலி இந்த இடத்திலா இருந்தது, அண்ணை?" என்று கேட்டார். "எல்லாம் அழிந்து கிடந்தது தங்கச்சி, ஒரு மட்டாகப் போட்டோம்" என்றேன். களவோடு பொய்யும் சேர்ந்தது அந்த இடத்தில்தான்.

கீழே உள்ள படிகளில் பாதி வேதத்திலிருந்து வந்தவை. மீதி அந்த வேலியிலிருந்து வந்தவை. நான் பாவ அறிக்கை என்பதைப் பொதுப் பிரார்த்தனையாகப் பழகிய புரட்டஸ்தாந்து வீட்டில் பிறந்தவன். என் மனைவி கத்தோலிக்கர், மடு மாதா திருவிழாவுக்குப் போய்ப் பாவசங்கீர்த்தனம் செய்யாமல் திரும்பமாட்டார். ஆகவே இரண்டு வழக்கங்களையும் பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறேன்.

தொடங்குமுன் மூன்று சொற்கள்

அறிக்கையிடுதல் என்று நம் வேதாகமத்தில் வரும் சொல்லுக்குக் கிரேக்கத்தில் 'ஹொமொலொகெயோ' என்று இருக்கிறது. 'அதையே சொல்லுதல்' என்பது அதன் அடிப்பொருள். கடவுள் அந்தச் செயலை என்ன பெயர் சொல்லி அழைக்கிறாரோ, அதே பெயரை நானும் சொல்லுவது. அவர் களவு என்கிறார். நான் 'ஒரு மட்டாகப் போட்டோம்' என்கிறேன். அந்த இடைவெளி மூடும்வரை அறிக்கை தொடங்கவே இல்லை.

மன்னிப்புக்குப் பயன்படும் கிரேக்கச் சொல் 'விட்டுவிடுதல்' என்ற பொருள் கொண்டது. கடனை விடுவதற்கும் அதே சொல்தான். அதனால்தான் கர்த்தர் கற்பித்த ஜெபத்தில் மத்தேயு 'கடன்கள்' என்றே எழுதுகிறார். கடனை விடுகிறவர் கடனே இல்லை என்று சொல்வதில்லை. கடன் எழுதிய கொப்பியைத் திறந்து, தொகையைப் பார்த்து, பிறகு கிழிக்கிறார்.

சிட்சை என்ற சொல்தான் நம்மை அதிகம் குழப்புகிறது. வடமொழியில் 'சிக்ஷா' என்றால் கற்பித்தல். தமிழுக்கு வந்தபின் தண்டனை என்ற கசப்பு அதில் ஏறிவிட்டது. எபிரெயர் 12ஆம் அதிகாரத்தின் கிரேக்கச் சொல்லான 'பைதேயா' ஒரு பிள்ளையை வளர்த்து ஆளாக்கும் முழு வேலையையும் குறிக்கும். அதட்டல் அதில் ஒரு பகுதி மட்டுமே.

இந்த மூன்றும் மூன்று தனித்தனிக் கணக்குகள். ஒன்றை மற்றதில் எழுதினால் வாழ்நாள் முழுவதும் கூட்டல் பிழைத்துக்கொண்டே இருக்கும்.

முதற்படி: குற்றத்தையும் துக்கத்தையும் பிரித்து எடுங்கள்

மற்ற ஊர்களில் இந்தப் படி இவ்வளவு அவசியப்படாமல் இருக்கலாம். வன்னியில் இதைத் தாண்டாமல் அடுத்ததற்குப் போகவே கூடாது.

2009இன் முதல் மாதங்களில் முள்ளிவாய்க்காலை நோக்கி நகர்ந்தவர்களில் ஏராளமானோர் இன்றும் ஒரே காரியத்தை ஜெபத்தில் திரும்பத் திரும்ப அறிக்கையிடுகிறார்கள். நடக்க முடியாத தாயைப் பதுங்குகுழியில் விட்டு வந்தது. நந்திக்கடல் பக்கம் தண்ணீரைக் கடக்கும்போது பிள்ளையின் கை நழுவியது. பிடித்துக்கொண்டு போக வந்தவர்களிடமிருந்து மகளை மறைக்க முடியாமற்போனது. 'ஆண்டவரே, என்னை மன்னியும்' என்று ஒரு தாய் பதினைந்து வருடமாகக் கேட்கிறார். மன்னிப்புக் கிடைத்த உணர்வு வருவதில்லை. தன் விசுவாசம் போதாது என்று அதற்கும் சேர்த்து மன்னிப்புக் கேட்கிறார்.

அந்த உணர்வு வராததற்குக் காரணம் எளிது. அங்கே மன்னிக்கப் பாவம் இல்லை. தெரிந்து, வேறு வழி இருந்து, மனம் விரும்பிச் செய்ததே பாவம். கத்தோலிக்க மறைக்கல்வியும் சாவான பாவத்துக்கு, அதாவது கடும் பாவத்துக்கு, முழு அறிவும் முழுச் சம்மதமும் வேண்டும் என்றே சொல்கிறது. ஷெல் மழைக்குள் ஐந்து நொடியில் எடுத்த முடிவில் எந்தச் சம்மதத்தைத் தேடுவது?

அந்தத் துக்கத்துக்கு வேதத்தில் வேறு இடம் இருக்கிறது, புலம்பல். சங்கீதம் 88ஐ ஒரு முறை முழுவதும் வாசியுங்கள். அதில் பாவ அறிக்கை ஒரு வரிகூட இல்லை. ஆறுதலான முடிவும் இல்லை, இருளிலேயே முடிகிறது. அதையும் ஜெபமென்று ஏற்றுத்தான் வேதத்தில் வைத்திருக்கிறார்கள். தவக்காலத்தில் இயேசுவின் பாடுகளைச் சொல்லும் பசாம் பாடும்போது நம் பெரியவர்கள் அழுத அழுகையில் பாதி இயேசுவுக்காக, பாதி தங்கள் பிள்ளைகளுக்காக என்பது கேட்டவர்களுக்குத் தெரியும். அது சரியான இடத்தில் கொட்டிய கண்ணீர். நித்திரை இல்லாமல், சாப்பாடு இறங்காமல், அந்த ஒரு நாள் மட்டுமே கண்முன் திரும்பத் திரும்ப ஓடினால் வைத்தியசாலையின் உளநலப் பிரிவுக்கும் போக வேண்டும். போதகரிடம் போவதும் வைத்தியரிடம் போவதும் ஒன்றுக்கொன்று எதிரானவை அல்ல.

பிரிப்பதற்கு நான் பயன்படுத்தும் கேள்வி ஒன்றே: அதே இடத்தில், அன்றைக்குத் தெரிந்ததை மட்டும் வைத்துக்கொண்டு, வேறு விதமாகச் செய்திருக்க முடியுமா? தென்னை விஷயத்தில் என் பதில் 'முடியும்'. கயிற்றை நேராகப் பிடித்திருக்கலாம், அவ்வளவுதான். அந்தத் தாயின் பதில் 'முடியாது'. அவர் அடுத்த படிக்கு வர வேண்டியதில்லை.

இரண்டாம் படி: பெயர் சொல்லுங்கள்

'நான் பாவி' என்று சொல்லுவது மிக இலகு. எல்லோரும் பாவிகள் என்பதால் அதில் யாருக்கும் வெட்கமில்லை. 'பக்கத்து வளவு விதவையின் தென்னையை மூன்று வருடம் பறித்துத் தின்றேன்' என்று சொல்லிப் பாருங்கள், நாக்கு ஒட்டிக்கொள்ளும். ஒட்டிக்கொள்ளும் வாக்கியம்தான் உண்மையான அறிக்கை.

ஒரே வாக்கியத்தைச் சொன்ன இரண்டு ராஜாக்கள் இருக்கிறார்கள். சவுலும் 'பாவஞ்செய்தேன்' என்றான், தாவீதும் அதையே சொன்னான். 1 சாமுவேல் 15இல் சவுல் முதலில் கட்டளையை நிறைவேற்றியதாகவே சாதிக்கிறான், பிறகு ஜனங்கள்மேல் பழியைப் போடுகிறான், கடைசியில் மூப்பருக்கு முன்பாகத் தன்னைக் கனப்படுத்தும்படி சாமுவேலைக் கேட்கிறான். பாவம் போகிறதோ இல்லையோ, மரியாதை போகக் கூடாது. 2 சாமுவேல் 12இல் தாவீது காரணம் சொல்லவில்லை. ஏழையின் ஆட்டுக்குட்டிக் கதையைக் கேட்டுக் கொதித்தவனிடம் தீர்க்கதரிசி நாத்தான் "நீயே அந்த மனுஷன்" என்றபோது ஒரே வரியில் ஒப்புக்கொள்கிறான்.

நம் ஊரில் சவுலின் அறிக்கைதான் அதிகம் புழங்குகிறது. 'யாருடைய மனதையாவது புண்படுத்தியிருந்தால்' என்று தொடங்குகிற எதுவும் அறிக்கை அல்ல. 'இருந்தால்' என்ற சொல் அங்கே தப்பி ஓட வேலியில் வெட்டிவைத்த பொட்டு. 'அந்தக் காலம் அப்படி', 'எல்லோரும்தான் எடுத்தார்கள்' என்பவையும் அதே வகை. இடம்பெயர்ந்தோரின் வீடுகளிலிருந்து ஓட்டையும் கதவையும் கழற்றியவர்களில் தேவாலயத்துக்குப் போகிறவர்களும் இருந்தார்கள். 'எல்லோரும்' என்ற அந்தக் கூட்டத்துக்குள் நானும் பல நாள் ஒளிந்திருந்தேன்.

எழுதிப் பார்ப்பது உதவும். யார், எது, எவ்வளவு காலம், யாருக்கு நட்டம். கத்தோலிக்கர் ஆன்ம சோதனை என்று பத்துக் கட்டளைகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்ப்பது இதற்குத்தான். எழுதிய கடதாசியை மேசையில் விட்டுவிடாதீர்கள்; எரித்துவிடுங்கள்.

மூன்றாம் படி: யாரிடம் சொல்வது?

பாவம் எவ்வளவு தூரம் பரவியதோ, அறிக்கையும் அவ்வளவு தூரம் போனால் போதும். மனதுக்குள் எழுந்த பொறாமையைப் பொறாமைப்பட்டவரிடமே போய்ச் சொல்லி அவருடைய நித்திரையைக் கெடுக்க வேண்டியதில்லை, கடவுளிடம் சொல்லுங்கள். ஒருவருக்கு நட்டம் செய்திருந்தால் அவரிடம் போக வேண்டும். சபைப் பணத்தில் கைவைத்திருந்தால் சபையின் முன் சொல்ல வேண்டும்.

கடவுளிடம் சொல்வது எல்லாவற்றுக்கும் அடி. "நம்முடைய பாவங்களை நாம் அறிக்கையிட்டால், பாவங்களை நமக்கு மன்னித்து எல்லா அநியாயத்தையும் நீக்கி நம்மைச் சுத்திகரிப்பதற்கு அவர் உண்மையும் நீதியும் உள்ளவராயிருக்கிறார்" என்று 1 யோவான் 1:9 சொல்கிறது. அவர் இரக்கமுள்ளவர் என்று அங்கே எழுதியிருந்தால் அவருடைய மனநிலை எப்படி இருக்குமோ என்று பயப்படலாம். உண்மையும் நீதியும் என்று எழுதியிருக்கிறது. கொடுத்த வாக்கிலிருந்து அவர் பின்வாங்க மாட்டார் என்பதே பிடி.

கத்தோலிக்கருக்கு ஒப்புரவு அருட்சாதனம் இருக்கிறது. பழைய பெயர் பாவசங்கீர்த்தனம், என் மாமியார் இறக்கும்வரை அந்தப் பெயரைத்தான் சொன்னார். ஆண்டுக்கு ஒரு முறையாவது செய்ய வேண்டும் என்ற விதி 1215இல் நான்காம் இலாத்தரன் சங்கத்தில் வந்தது. நீண்ட காலம் போகாதவர்கள் முறை மறந்துபோனதென்று தயங்குகிறார்கள். தயங்க வேண்டாம். சிலுவை அடையாளம் போட்டு, கடைசியாக எப்போது செய்தீர்கள் என்று சொல்லுங்கள். சாவான பாவங்களை என்ன வகை, ஏறத்தாழ எத்தனை முறை என்று சொல்லுங்கள். குருவானவர் பரிகாரம் ஒன்று தருவார், மனத்துயர் மன்றாட்டைச் சொல்லுவீர்கள், அவர் பாவமன்னிப்பு வழங்குவார். மன்றாட்டு மறந்துவிட்டால் அவரிடமே சொல்லுங்கள், எடுத்துக் கொடுப்பார். கேட்டதை அவர் எவரிடமும் சொல்ல முடியாது. அந்த இரகசியத்தை நேரடியாக உடைக்கும் குரு அந்தக் கணமே திருச்சபைக்குப் புறம்பாகிறார் என்பது சட்டம்.

புரட்டஸ்தாந்துச் சபைகளில் திருவிருந்துக்கு முன் எல்லோரும் சேர்ந்து அறிக்கை வாசிக்கிறோம். அது நல்லதுதான். ஆனால் கூட்டத்தோடு சேர்ந்து வாசிப்பதில் எனக்கு நேர்ந்தது என்னவென்றால், தென்னை ஒரு ஞாயிறும் நினைவுக்கு வரவில்லை. வாய் பாட்டுக்குச் சொல்லிக்கொண்டு போயிற்று. யாக்கோபு 5:16 ஒருவருக்கொருவர் அறிக்கையிடச் சொல்வது ஏன் என்று அப்போதுதான் விளங்கியது. ஒரு ஆளின் முகத்தைப் பார்த்துச் சொல்லும்போது வாய் பாட்டுக்குப் போகாது.

யாரைத் தேர்ந்தெடுப்பது? மற்றவர்களின் கதையை உங்களிடம் கொண்டுவந்து சொல்கிறவரை விட்டுவிடுங்கள். உங்கள் கதையும் அடுத்த வீட்டுக்குப் போகும். பெண்கள் தனி அறையில் ஆண் போதகரிடம் போக வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை; நம்பிக்கையான மூத்த பெண் ஒருவர் போதும். சாட்சிக் கூட்டத்தில் மைக்கைப் பிடித்து எல்லாவற்றையும் கொட்டச் சொல்லும் வழக்கம் எனக்குப் பிடிப்பதில்லை. ஒரு பெண் தன் பழைய வாழ்க்கையை அங்கே சொன்னால் கைதட்டல் ஐந்து நிமிடம், ஊர்வாய் ஐந்து வருடம்.

இன்னொன்று. பிள்ளைகளைத் துன்புறுத்தியது போன்ற குற்றங்கள் 'ஆண்டவரிடம் சொல்லிவிட்டேன்' என்பதோடு முடிபவை அல்ல. பிள்ளைக்கு ஆபத்து இருக்கிறதென்று தெரிந்த சபையார் 1929 என்ற சிறுவர் உதவி இலக்கத்துக்கு அழைக்க வேண்டும். சபையின் பெயரைக் காப்பாற்ற மறைப்பது இன்னொரு பாவம்.

நான்காம் படி: எடுத்ததைத் திருப்பிக் கொடுங்கள்

சக்கேயு மரத்திலிருந்து இறங்கியதைப் பிள்ளைகளுக்குப் பாட்டாகச் சொல்லிக் கொடுக்கிறோம். அவன் சொன்ன கணக்கை விட்டுவிடுகிறோம். ஆஸ்தியில் பாதி ஏழைகளுக்கு, அநியாயமாக வாங்கியது எதுவோ அதற்கு நாலத்தனை. யாத்திராகமம் 22இன்படி திருடிய ஆட்டை அறுத்தவனோ விற்றவனோ நான்கு ஆடு கொடுக்க வேண்டும். தானாக ஒப்புக்கொண்டவனுக்கு எண்ணாகமம் 5இல் இலகுவான கணக்கு: முதலும், அதோடு ஐந்தில் ஒரு பங்கும். சக்கேயு இலகுவான கணக்கைக் கேட்கவில்லை.

என்னை மடக்கியது மத்தேயு 5:23, 24. காணிக்கையைப் பலிபீடத்தண்டையில் வைத்துவிட்டு, முதலில் போய்ச் சகோதரனோடு ஒப்புரவாகு. 2013 மார்கழிக்கு முன் ஒரு ஞாயிறு அந்தப் பாடத்தை நான்தான் வாசிக்க வேண்டியிருந்தது. வாசித்து முடித்தேன். வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன். அவர் ஆச்சரியப்படவில்லை. "நீங்கள் எப்போது சொல்லுவீர்கள் என்று பார்த்துக்கொண்டிருந்தேன்" என்றார்.

கணக்குப் பார்த்தோம். மூன்று வருடத்தில் அந்த மரத்தில் பறித்தது, குறைத்துப் போட்டாலும், நூற்றைம்பது காய். ஐந்தில் ஒரு பங்கு முப்பது. நூற்றெண்பது தேங்காயின் விலையைக் கடித உறையில் போட்டுக்கொண்டு போனேன். வழியில் நல்ல வாக்கியங்களாகச் சேர்த்து வைத்திருந்தேன், அங்கே போனதும் ஒன்றும் வரவில்லை. "வேலியை நான் தெரிந்துதான் தள்ளிப் போட்டேன். நீங்கள் கேட்டபோது பொய் சொன்னேன். இது மரத்தின் காசு. வேலியைப் பிடுங்கி நட வேண்டும், நீங்கள் வந்து கயிற்றைப் பிடிக்க வேண்டும்." இவ்வளவுதான் சொன்னேன். அவர் உறையை வாங்கினார். எண்ணினார். "தெரியும்" என்றார். மன்னித்தேன் என்று சொல்லவில்லை.

கதியால் பிடுங்கியதுதான் கஷ்டமான வேலை. மூன்று மாரி கண்ட கிளுவை வேர்விட்டிருந்தது. நட்டபோது ஒரு காலையில் முடிந்த வேலை, பிடுங்க மூன்று நாள் எடுத்தது.

திருப்பிக் கொடுக்கும்போது கவனிக்க வேண்டியவை சில. காணி என்றால் வாய்ப்பேச்சோடு நிற்காமல் கிராம அலுவலரையும் தேவைப்பட்டால் பிரதேச செயலகத்தையும் வைத்து எழுத்தில் முடியுங்கள், அடுத்த தலைமுறைக்குச் சண்டை மிஞ்சக் கூடாது. உரியவர் இறந்திருந்தால் வாரிசுக்குக் கொடுங்கள். வாரிசும் இல்லையென்றால் ஏழைக்குக் கொடுங்கள், பெயர்ப்பலகை போடாமல். சீட்டுக்காசை ஏப்பம் விட்டவர்கள் ஒரேயடியாகக் கொடுக்க முடியாவிட்டால் மாதத் தவணை சொல்லிக் கொடுக்கலாம். சொன்ன திகதி தவறக் கூடாது. பெயரைக் கெடுத்தவர்கள், எந்தக் கடையடியில் பேசினார்களோ அதே கடையடியில் பேசித் திருத்த வேண்டும். இதைச் செய்தவர்களை நான் மிகக் குறைவாகவே கண்டிருக்கிறேன். காசு கொடுப்பது இதைவிட எளிது.

ஐந்தாம் படி: கிடைத்ததை வாங்கிக்கொள்ளுங்கள்

இது குறுகிய படி. அறிக்கையிட்ட பாவத்தை அடுத்த நாள் மீண்டும் அறிக்கையிடாதீர்கள். புதிதாகச் செய்தால் புதிதாகச் சொல்லுங்கள். பழையதைத் தினமும் தோண்டுவது தாழ்மைபோலத் தெரியும், உண்மையில் அது கடவுளுடைய வாக்கைச் சந்தேகிப்பது. யூதாசும் பேதுருவும் ஒரே இரவில் விழுந்தார்கள், இருவரும் மனம் உடைந்தார்கள். ஒருவன் காசை எறிந்துவிட்டுத் தனியே போனான். மற்றவன் அழுதுவிட்டு மற்ற சீடர்களோடு இருந்தான், பின்பு கடற்கரையில் கர்த்தரைக் கண்டு தண்ணீரில் குதித்தான். ஆகவே அந்த நாட்களில் தனியே இருக்காதீர்கள்.

ஆறாம் படி: மன்னிக்க வேண்டியவர் நீங்களாக இருந்தால்

மத்தேயு 18இல் பதினாயிரம் தாலந்து கடன்பட்ட வேலைக்காரன் வருகிறான். ஒரு தாலந்து ஏறத்தாழ 6,000 வெள்ளிப்பணம், ஒரு வெள்ளிப்பணம் ஒரு நாட்கூலி. அப்படியானால் ஆறு கோடி நாட்கூலி. அவ்வளவும் விடப்பட்டவன், வெளியே வந்து நூறு வெள்ளிப்பணத்துக்காக உடன்வேலைக்காரனின் கழுத்தைப் பிடிக்கிறான். நூறு வெள்ளிப்பணம் சிறு தொகை அல்ல, மூன்று மாதத்துக்கு மேலான கூலி. நமக்குச் செய்யப்பட்ட தீங்கு சிறியது என்று இயேசு சொல்லவில்லை. இதை மறந்துவிட்டுத்தான் பலர் மன்னிப்பைப் பிரசங்கிக்கிறார்கள்.

2017 பெப்ரவரி 20இல் கிளிநொச்சியில் காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர்கள் தொடர் போராட்டத்தைத் தொடங்கினார்கள். வீதியோரம் பிள்ளைகளின் படங்களை வைத்துக்கொண்டு தாய்மார் வருடக்கணக்காக இருந்தார்கள். விடை கிடைக்காமலே பலர் இறந்துவிட்டார்கள். 'கிறிஸ்தவர்களாயிருந்தால் மன்னித்து விட்டுவிட வேண்டியதுதானே' என்று அவர்களைப் பற்றிச் சொல்லக் கேட்டிருக்கிறேன். சொன்னவர்களின் பிள்ளைகள் வீட்டில் இருந்தார்கள்.

அந்தத் தாயின் கையில் இன்னும் கணக்கே தரப்படவில்லை. என் பிள்ளை எங்கே என்று கேட்பது பழிவாங்கல் ஆகாது, கொப்பியைத் திறக்கச் சொல்வது. லூக்கா 17:3 குற்றம் செய்தவனைக் கடிந்துகொள்ளச் சொல்லிவிட்டு, அவன் மனஸ்தாபப்பட்டால் மன்னிக்கச் சொல்கிறது. அதற்கு முன்னே அவள் செய்யக்கூடியதும் ஒன்று உண்டு: பழியைத் தன் கையில் எடுக்காமல் கடவுளிடம் ஒப்படைப்பது. ரோமர் 12:19 கேட்பது அதைத்தான். அதையே பல தாய்மார் ஏற்கெனவே செய்துகொண்டு இருக்கிறார்கள். நான் யார் அவர்களுக்குக் கற்பிக்க?

வீட்டுக்குள் வேறு கதை. கசிப்புக் குடித்துவிட்டு வெள்ளிக்கிழமை அடிக்கிறவர் ஞாயிற்றுக்கிழமை அழுது மன்னிப்புக் கேட்கிறார். மனைவி மன்னிக்கலாம். மன்னித்துவிட்டுத் தாய் வீட்டுக்கும் போகலாம். மன்னிப்பு ஒரு நாளில் கொடுக்கக்கூடியது, நம்பிக்கை அப்படியல்ல, அது திருந்திய நாட்களை எண்ணிப் பார்த்துத்தான் திரும்பும். 'எழுபது தரம் ஏழு' என்ற வசனத்தைச் சொல்லி மனைவியை அடிக்குத் திருப்பி அனுப்புகிற மூப்பர்கள் அந்த அதிகாரத்தின் முன்பாதியை வாசிக்கவில்லை. மத்தேயு 18இன் 15ஆம் வசனத்திலிருந்து, கேளாதவனிடம் சாட்சிகளோடு போ, பிறகு சபைக்குச் சொல் என்று படிப்படியாக இருக்கிறது. பெண்களுக்கான உதவி இலக்கம் 1938. அதையும் பிரசங்கத்தில் சொல்லலாம்.

எனக்கு மன்னிப்புக் கொடுக்க வேண்டியவர் ஒரு வருடத்துக்கு மேல் என்னோடு பேசவில்லை. எனக்குக் கோபம்கூட வந்தது. காசும் கொடுத்தேன், வேலியும் மாற்றினேன், இன்னும் என்ன? அந்தக் கோபம்தான் காட்டிக்கொடுத்தது, நான் மன்னிப்பை விலைக்கு வாங்கியதாக நினைத்துக்கொண்டிருந்தேன். திருப்பிக் கொடுத்தது கடன். மன்னிப்பது அவருடைய விருப்பம், அவருடைய நேரம்.

ஏழாம் படி: சிட்சையை அடையாளம் காணுங்கள், ஆனால் சோதிடம் பார்க்காதீர்கள்

தாவீதிடம் நாத்தான் ஒரே மூச்சில் இரண்டைச் சொல்கிறான். பாவம் நீக்கப்பட்டது, நீ சாகமாட்டாய். அடுத்த வசனத்தில், பிறந்த பிள்ளை சாகும். பட்டயம் அவன் வீட்டை விட்டு விலகாது என்பதும் சற்று முன்பே சொல்லப்பட்டாயிற்று. பின்னால் அப்சலோம் வரைக்கும் அது தொடர்கிறது. குற்றம் மன்னிக்கப்பட்டாலும் விளைவு நடந்து வரும் என்று இதிலிருந்து படிப்பிக்கிறோம், அது சரி. ஆனால் பிள்ளையைப் பற்றிய அந்த வசனத்தை என்னால் இன்றும் இலகுவாகத் தாண்ட முடிவதில்லை. தாண்டுகிறவர்கள்மேல் எனக்கு நம்பிக்கையும் இல்லை. ஒன்று மட்டும் சொல்வேன்: அதைச் சொல்ல நாத்தான் அனுப்பப்பட்டான். உங்களை ஒருவரும் பக்கத்து வீட்டுக்கு அனுப்பவில்லை.

போர் முடிந்தபின் வெளியூரிலிருந்து வந்த சிலர் எங்கள் பாவத்துக்குத் தண்டனையாகத்தான் இத்தனையும் நடந்தது என்று பிரசங்கித்தார்கள். 2018 மார்கழியில் இரணைமடுக் குளம் நிரம்பி வான்கதவுகள் திறக்கப்பட்டுக் கிளிநொச்சியும் முல்லைத்தீவும் வெள்ளத்தில் நின்றபோது அதே பேச்சு மீண்டும் வந்தது. இயேசுவிடமும் இந்தக் கேள்வி வந்திருக்கிறது. சீலோவாம் கோபுரம் விழுந்து செத்த பதினெட்டுப் பேரும் எருசலேமில் எல்லோரிலும் குற்றவாளிகளா என்று அவரே கேட்டு, அப்படியல்ல என்று அவரே பதில் சொன்னார். பிறவிக் குருடனைக் காட்டிச் சீடர்கள் யார் செய்த பாவம் என்று கேட்டபோதும், இவனும் அல்ல, பெற்றாரும் அல்ல என்றார். மழை நீதியுள்ளவன் வயலிலும் அநீதியுள்ளவன் வயலிலும் பெய்யும். வெள்ளமும் அப்படித்தான். காலபோக நெல் மூழ்கியபோது என் வயலும் மூழ்கியது, ஒரு பிழையும் செய்யாதவர்களின் வயலும் மூழ்கியது.

அப்படியானால் சிட்சை எது? எபிரெயர் 12ஐ 10ஆம் அதிகாரத்தோடு சேர்த்து வாசியுங்கள். அந்த நிருபம் யாருக்கு எழுதப்பட்டதோ அவர்கள் விசுவாசத்துக்காக நிந்திக்கப்பட்டவர்கள், ஆஸ்திகள் கொள்ளைபோனவர்கள். "கர்த்தர் எவனிடத்தில் அன்புகூருகிறாரோ அவனை அவர் சிட்சித்து" என்ற வசனம் வருவது அவர்களுக்கு. அங்கே எந்தக் குறிப்பிட்ட பாவமும் சுட்டப்படவில்லை. சகிப்பில் பழக்கி ஆளாக்குவதையே சிட்சை என்கிறார். இன்னொரு பக்கம் 1 கொரிந்தியர் 11இல், ஏழைகளைப் பட்டினி போட்டுவிட்டுத் திருவிருந்தில் கைவைத்த சபைக்குச் சிட்சை பாவத்தின் காரணமாகவே வந்தது என்று பவுல் சொல்கிறார். உலகத்தோடே ஆக்கினைக்குள்ளாகாதபடி என்று அதன் நோக்கத்தையும் சொல்கிறார். இரண்டும் உண்டு. அதனால்தான் வெளியே நின்று பார்க்கிறவனால் எது எது என்று சொல்ல முடியாது.

உள்ளே இருப்பவனுக்குத் தெரியும். துன்பம் வந்தால் நேர்மையாக ஒரு முறை பாருங்கள்: அறிக்கையிடாத காரியம் ஏதாவது உண்டா? உண்டென்றால் தேடிப்பிடிக்கத் தேவையில்லை, கேள்வி முடியுமுன்னே அது முன்னால் வந்து நிற்கும். கடவுள் விடுகதை போட்டுப் பிள்ளைகளைத் திருத்துவதில்லை. ஒன்றும் வரவில்லையென்றால் தோண்டுவதை நிறுத்துங்கள். யோபுவின் நண்பர்கள் தோண்டிக்கொண்டே இருந்தார்கள், கடைசியில் கோபத்துக்கு ஆளானவர்கள் அவர்கள்.

எனக்கு வந்த சிட்சை வெள்ளமோ காய்ச்சலோ அல்ல. தென்னையைத் தள்ளி எடுத்த மூன்று வருடமும் சங்கீதம் 32 என் வாயில் ஒழுங்காக வந்ததில்லை. இரவும் பகலும் உம்முடைய கை என்மேல் பாரமாயிருந்தது என்ற வரிக்கு வரும்போது தொண்டை அடைக்கும், தண்ணீர் குடித்துவிட்டுத் தொடருவேன். அந்தப் பெண் வந்து வேலியைப் பற்றிக் கேட்ட ஒரு கேள்வியும் சிட்சைதான் என்று இப்போது நினைக்கிறேன். நாத்தானை எனக்கு விதவையாக அனுப்பியிருக்கிறார்.

தகப்பன் சிட்சிப்பதுபோல என்ற உவமை எல்லோருக்கும் ஆறுதலாக விழாது. குடித்துவிட்டு அடிக்கும் தகப்பனிடம் வளர்ந்த பிள்ளைக்கு அது பயம். அவர்களுக்கு எபிரெயர் 12:10ஐக் காட்டுங்கள். பூமிக்குரிய தகப்பன்மார் தங்களுக்கு நலமென்று தோன்றியபடி சிட்சித்தார்கள் என்று அங்கேயே எழுதியிருக்கிறது. அவர்களுக்குத் தோன்றியது தவறாகவும் இருக்கலாம் என்பதற்கு அந்த வசனத்தில் இடமுண்டு.

சபை ஒழுங்கு பற்றியும் இரண்டு வரி. போதகரிடம் நான் சொன்னபோது, ஆறு மாதம் வேதபாடம் வாசிக்க வேண்டாம், ஓய்வுநாள் பாடசாலையையும் வேறொருவர் பார்க்கட்டும் என்றார். அவமானமாக இருந்தது, நியாயமாகவும் இருந்தது. ஆறு மாதம் முடிந்த ஞாயிறு, நான் கேட்காமலே, வாசிக்க வேண்டிய பாடத்தை எழுதிய துண்டைக் கையில் தந்தார். 2 கொரிந்தியர் 2இல் பவுல் சொல்வது அதுதான்: தண்டனை போதும், இனி அவனுக்கு ஆறுதல் செய்யுங்கள். விலக்கி வைக்கத் தெரிந்த சபைகளில் பல, திரும்ப அழைக்கும் நாளைக் குறித்து வைப்பதில்லை.

பக்கத்து வளவுப் பெண் இப்போதும் என்னோடு அதிகம் பேசுவதில்லை. ஆனால் ஒவ்வொரு வருடமும் மாரிக்கு முன் வேலி அடைக்கும்போது, கயிற்றின் மறுமுனையைப் பிடிக்க மகனை அனுப்புகிறார். அவன் கயிற்றை மிக இறுக்கமாகப் பிடிக்கிறான்.